துணியின் மறுபக்கம்

புதுச்சேரியில் சாரம் பகுதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால், ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியரின் பூத்தையல் கூடம் இருக்கிறது. 1807இல் பிரான்சில் ஆன்-மரி ழவுஹே தொடங்கிய சபை அவர்களுடையது. 1827இல் புதுச்சேரிக்கு வந்தது. வறிய குடும்பத்துப் பெண்கள் இங்கே மேசைவிரிப்பிலும் கைக்குட்டையிலும் கையாலேயே பூ போடுகிறார்கள். நல்ல பூத்தையலை அறியத் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முடிச்சு உறுத்தாது, நூல்வால் தொங்காது. நூல்முனை தையலுக்கடியில் செருகியிருக்கும். பார்வைக்கு வராத பக்கத்துக்கும் அதே கவனம் கிடைக்கிறது. இந்தக் கைவேலை விசுவாசத்தில் வளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் உண்டா என்று தெரியவில்லை.

விற்பதற்குத் தைப்பது வியாபாரம்தானே, தொண்டு எங்கே என்று கேட்கலாம். யோப்பா ஊர் தபித்தா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைத்தான் கைம்பெண்கள் அழுதபடி பேதுருவிடம் காட்டினார்கள் என்கிறது விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல். அவர் விலை வாங்கவில்லை, உண்மைதான். ஆனால் ஆடையைப் பெறுகிறவர் அடுத்த ஆடைக்கும் காத்திருக்க வேண்டும்; ஊசியைப் பழகியவர் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையும் கூலியும் தருகிற தொண்டு, பெறுகிறவரைத் தலைநிமிர வைக்கிறது. கூலி நியாயமாக இருக்கும்வரைதான் இந்த வாதம் நிற்கும். அந்தப் பொறுப்பு சபையோடு முடிவதில்லை. கையால் தைத்த விரிப்புக்கு இயந்திரத் துணியின் விலையைக் கேட்டுப் பேரம் பேசுகிறவருக்கும் அதில் பங்குண்டு.