காலோடு ஒட்டிய மரத்தண்டு

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'ஈட்டி ஏந்தியவன்' என்றொரு பளிங்குச் சிலை. எல்லோரும் அவன் தோளழகைப் பார்ப்பார்கள். என் கண் போவது வலது காலோடு ஒட்டி நிற்கும் மரத்தண்டுக்கு. கிரேக்கச் சிற்பி பாலிகிளிட்டோஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இவனை வெண்கலத்தில் செய்தார். உள்ளே கூடான வெண்கலம் இரண்டு கணுக்கால்களிலேயே நின்றுவிடும். பளிங்கு அப்படியல்ல, கனம் தாங்காமல் கணுக்காலில் முறியும். மூலச்சிலை இன்று இல்லை. பொம்பேயில் கிடைத்த இந்த ரோமானியப் பிரதியில்தான் தண்டு முளைத்தது. மணிக்கட்டையும் இடுப்பையும் இணைக்கும் சிறு கல்முட்டும் முறியாமல் தாங்கத்தான்.

1972இல் இத்தாலியின் ரியாச்சே கடலடியில் கிடைத்த இரண்டு கிரேக்க வெண்கல வீரர்களுக்கு முட்டே கிடையாது. செம்பு உதடுகள், ஒருவனுக்கு வெள்ளிப் பற்கள். என்ன ஒரு சுதந்திரம் அந்த நிற்பில்!

அதற்காக ரோமானியர்கள் வெறும் நகலெடுப்பவர்கள் என்றால் நான் ஒப்பமாட்டேன். ரோமக் குடியரசுக் காலத்து முதியவர்களின் தலைச்சிலைகளைப் பாருங்கள். ஒட்டிய கன்னம், தொங்கும் தாடைத்தோல், நெற்றியில் உழுத சால்களாய்ச் சுருக்கம். கிரேக்கன் தேடியது குறையற்ற உடலின் அளவு. ரோமானியன் மதித்தது ஒரு மனிதன் வாழ்ந்து தேய்ந்த முகம். உடலுக்குக் கிரேக்கம், முகத்துக்கு ரோம். இதுவே என் தீர்ப்பு.