‘வாடகைத்தாய்’ என்னும் சொல்லும் 2021ஆம் ஆண்டுச் சட்டமும்

நாளிதழ்களிலும் பேச்சு வழக்கிலும் வேரூன்றிவிட்ட ‘வாடகைத்தாய்’ என்னும் சொல்லை இழிவானதெனக் கருதுவோர் ‘பதிலித்தாய்’, ‘மாற்றுத்தாய்’ ஆகியவற்றைப் பரிந்துரைக்கின்றனர். அச்சொல்லின் உண்மையான குறை இழிவன்று. வாடகை உடைமைக்குத் தரப்படுவது. வீட்டுக்கும் வண்டிக்கும் பந்தல் சாமானுக்கும் உரியது. உழைப்புக்குத் தரப்படுவது கூலி. கருப்பையை வீடாகக் காணும் சொல் அங்கு நிகழும் உழைப்பைக் காண்பதில்லை. கருவை ஏற்பதற்கு முன் செலுத்தப்படும் ஹார்மோன் மருந்துகள், மாதக்கணக்கில் தாங்கும் சுமை, மகப்பேற்றின் உயிரிடர் ஆகியவை வாடகைக் கணக்கில் அடங்குவன அல்ல.

இதே குருட்டிடம் சட்டத்திலும் உண்டு. 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் வணிக முறையைத் தடைசெய்து, தன்னல நோக்கற்ற முறையை மட்டுமே ஏற்கிறது. (வாடகையை ஒழித்த சட்டத்தைத் தமிழில் அப்பெயராலேயே வழங்குகிறோம்.) மருத்துவச் செலவு, விதிகள் வகுக்கும் பிற செலவுகள், 36 மாதக் காப்பீடு ஆகியவற்றுக்கு அப்பால் குழந்தையைச் சுமப்பவருக்குப் பணம் எதுவும் இல்லை.

தடைக்குரிய காரணங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. குஜராத்தின் ஆனந்த் நகரம் வெளிநாட்டுத் தம்பதியர் நாடிவரும் மையமாயிற்று. 2008இல் ஜப்பானியத் தம்பதி ஒன்று குழந்தை பிறக்கும் முன்பே மணமுறிவு பெற்றதால் அக்குழந்தையின் நிலை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வறுமை ஒப்புதலின் வேடம் பூண்ட இடங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

எனினும் சட்டம் நீக்கியது சந்தையை அன்று. மருத்துவர், கருவியலாளர், ஆய்வகம், மருந்து நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் ஆகிய அனைவரும் தத்தம் கட்டணத்தைப் பெறுகின்றனர். ஊதியமின்றி உழைப்பவர் ஒருவரே. இதனை உணர்ந்தே நாடாளுமன்ற நிலைக்குழு 2017இல் அளித்த 102ஆம் அறிக்கையில் ஊதிய இழப்பையும் ஈடுசெய்யும் இழப்பீட்டு முறையைப் பரிந்துரைத்தது. சட்டம் அதனை ஏற்கவில்லை.

நெருங்கிய உறவினரே முன்வர வேண்டும் என்ற 2016 மசோதாவின் நிபந்தனை கைவிடப்பட்டு, ‘விருப்பமுள்ள பெண்’ என்பது இடம்பெற்றது. ஊதியம் இல்லாத நிலையில் அவ்விருப்பம் பெரும்பாலும் உறவுவட்டத்துக்குள்ளேயே தேடப்படும். அண்ணன் மனைவியிடமோ நாத்தனாரிடமோ குடும்பமே கூடிக் கேட்கும்போது அவர் மறுப்பது எளிதா என்பதைச் சட்டம் எண்ணிப்பார்க்கவில்லை. தரகரின் அழுத்தத்தைக் குற்றமாக அறிந்த சட்டம் மாமியாரின் அழுத்தத்தை அன்பெனக் கொள்கிறது. சுமப்பவர் மணமாகித் தமக்கென ஒரு குழந்தையைப் பெற்ற, 25 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்ணாக இருத்தல் வேண்டும் என்ற விதியும் இக்குடும்பச் சட்டகத்துக்குள்ளேயே நிற்கிறது.

அகப்பாடல் மரபு பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்தது; உடன்போக்கில் மகள் நீங்கியபின் வருந்திப் பேசும் இடத்தை இருவருக்கும் அளித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறந்த குழந்தை கோரிய தம்பதியரின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும். சுமந்தவரிடம் எஞ்சுவது காப்பீட்டுப் பத்திரம்.