தானியம்தான் அரசை உருவாக்கியதா? ஜேம்ஸ் ஸ்காட்டை மறுபடி படித்தபோது

ஜேம்ஸ் ஸ்காட் 2017-ல் எழுதிய 'அகெயின்ஸ்ட் த கிரெயின்' புத்தகத்தை முதல் தடவை படித்து முடித்தபோது, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். இப்போதும் பிடிக்கிறது. ஆனால் அதன் மையமான வாதத்தை முன்பு போல நம்ப முடியவில்லை. ஏன் என்று இங்கே குறித்து வைக்கிறேன்.

ஸ்காட் என்ன சொல்கிறார்? பள்ளியில் நாம் படித்த கதை இது: மனிதன் விவசாயம் கற்றான், ஓரிடத்தில் தங்கினான், உபரி வந்தது, அரசு பிறந்தது. இந்தச் சங்கிலியை அவர் உடைக்கிறார். மேற்கு ஆசியாவில் பயிர் செய்யத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் மெசபடோமியாவில் முதல் அரசுகள் வருகின்றன. ஆக, விவசாயம் இருந்தால் அரசு தானாக வந்துவிடாது. இதுவரை சரி.

பிறகு எது அரசை உருவாக்கியது? வரி போடத் தோதான பயிர் என்கிறார். கோதுமை, பார்லி, நெல் எல்லாம் தரைக்கு மேலே விளைகின்றன, ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றுகின்றன. அளக்கலாம், பங்கு போடலாம், சேமிக்கலாம், வண்டியில் ஏற்றலாம். மரவள்ளிக் கிழங்கு அப்படியில்லை. மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம். வரி வாங்க வருகிறவன் தோண்டித்தான் பார்க்க வேண்டும். கேட்கவே அழகான வாதம், இல்லையா?

எனக்கு முதல் இடறல் ஆடுகளில் வந்தது. தெற்கு ஈராக்கில் இருந்த ஊருக் நகரத்தில் கி.மு. 4-ம் ஆயிரத்தாண்டின் இறுதியைச் சேர்ந்த சுமார் 5000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பெரும்பகுதி கணக்கு வழக்குதான். பார்லி இருக்கிறது, பீர் இருக்கிறது. கூடவே ஆடுகளும் இருக்கின்றன, ஆண், பெண், குட்டி என்று தனித்தனிக் குறிகளோடு. ஆடு வேர்விட்டு நிற்கிற பொருள் இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இருந்தும் எண்ணியிருக்கிறார்கள்.

எகிப்தில் இது இன்னும் தெளிவு. பழைய அரச காலத்தில் ஆட்சியாண்டுகளையே கால்நடைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் குறித்தார்கள், 'இத்தனையாவது கணக்கெடுப்பு ஆண்டு' என்று. 2013-ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃபில் கிடைத்த பாப்பிரஸ்களில் மெரெர் என்ற அதிகாரியின் பணிக்குறிப்பு இருக்கிறது. கூஃபு மன்னர் காலத்தில் தூரா குவாரியிலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன வேலையை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். அங்கே அரசு கணக்கு வைத்தது மனித உழைப்புக்கு.

அப்படியானால் 'எண்ண முடிகிற தன்மை' பயிரில் மட்டும் இருக்கிற குணம் அல்ல. எண்ணுகிற அமைப்பு தனக்கு வேண்டியதை எண்ணக் கற்றுக்கொள்கிறது. தானியம் அந்தச் செலவைக் குறைத்தது என்றால் ஒப்புக்கொள்வேன். அதுதான் அமைப்பையே பெற்றெடுத்தது என்பது அதிகப்படி.

அடுத்து சிந்துவெளி. மொகஞ்சதாரோவில் கோதுமையும் பார்லியும் இருந்தன. சீரான எடைக்கற்கள் இருந்தன, முத்திரைகள் இருந்தன. ஆனால் இதுதான் அரண்மனை, இதுதான் மன்னன் கல்லறை என்று சந்தேகமில்லாமல் காட்ட எதுவும் இல்லை. அங்கே ஒரு பெரிய செங்கல் மேடையை 1950-ல் மார்ட்டிமர் வீலர் 'தானியக் களஞ்சியம்' என்று அடையாளம் காட்டினார். அங்கே தானியம் சேமித்ததற்கான தடயம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு என்றால் களஞ்சியம் இருந்தே ஆகணும்னு நாம் முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பார்க்கிற செங்கல் எல்லாம் களஞ்சியமாகத்தான் தெரியும்.

என் தொழிலில் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு கிடங்குக்கு மென்பொருள் எழுதியபோது, உடைந்த சரக்கைப் பதிவதற்கு டேபிளில் காலமே வைக்கவில்லை. ஒரு வருஷம் எங்கள் ரிப்போர்ட்டில் சேதம் பூஜ்யம். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் கிடங்குக்கே நேரில் போனேன், மூலையில் ஒரு குவியல் கிடந்தது. மெசபடோமியாவின் களிமண் பலகைகளும் ஒரு டேபிள் மாதிரிதான். அரசு எதற்குக் காலம் வைத்ததோ அது மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இது ஸ்காட்டுக்குத் தெரியாதது இல்லை. பதிவுகளை வைத்துக்கொண்டு அரசைப் பெரிதாகக் காட்டுகிறோம் என்று அவரே எச்சரிக்கிறார். ஆனால் அரசுகள் 'வீழ்ந்த' காலங்களைப் பற்றிப் பேசும்போது அந்த எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. வீழ்ச்சி என்பது பல சமயம் மக்களுக்கு விடுதலை, வரியும் கட்டாய வேலையும் நோயும் இல்லாத இடத்துக்குக் கலைந்து போனார்கள் என்கிறார். யார் கலைந்து போனார்கள்?

கி.மு. 2004 வாக்கில் ஊர் நகரின் மூன்றாம் அரச வம்சம் விழுந்தது. அந்த அரசின் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பார்லிப் படிக்கு வேலை செய்தார்கள். அவர்கள் நிலையை ஸ்காட்டே விவரிக்கிறார். மந்தை வைத்திருந்தவனுக்கு அரசு போனது விடுதலையாக இருந்திருக்கலாம். சொந்த நிலம் இல்லாமல், குழந்தையோடு, படியை மட்டும் நம்பி இருந்தவளுக்கு? களஞ்சியம் மூடிய அன்று அவள் எங்கே போயிருப்பாள்? 'மக்கள்' என்று ஒரே சொல்லில் இருவரையும் அடைப்பது, அரசு போட்ட கணக்கை விடத் துல்லியமானது இல்லை.

புத்தகத்தைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் படியுங்கள், அரசு என்றாலே முன்னேற்றம் என்கிற பழக்கம் விட்டுப்போகும். படிக்கும்போது ஓரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓடிப்போக முடியாதவர்கள் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறார்கள்?