பெஸ்டர் மாமாவின் முகம்

சாப்ளினின் 'த கிட்' (1921) படத்தில், அநாதை விடுதி வண்டியிலிருந்து கைநீட்டிக் கதறும் சிறுவனைக் கண்டோர் மறவார். அவனே ஜாக்கி கூகன். வறுமையை நடித்து அவன் ஈட்டியது முப்பது, நாற்பது இலட்சம் டாலர் என்பர். வளர்ந்து கேட்டபோது தாயும் மாற்றாந்தந்தையும் கைவிரித்தனர். 1938இல் வழக்குத் தொடுத்தும் ஏறத்தாழ 126,000 டாலரே மிஞ்சியது. குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் காக்கும் கலிபோர்னியச் சட்டம் 1939இல் பிறந்தது இவ்வழக்கினாலேயே. பிறருக்குக் கிடைத்த அக்காவல் அவருக்குப் பயன்படவில்லை.

'அடம்ஸ் குடும்பம்' தொலைக்காட்சித் தொடரில் (1964-1966) மொட்டைத் தலையும் வாயில் எரியும் மின்குமிழுமாக அவர் தோன்றியதை வீழ்ச்சி என்போர் உளர். யான் உடன்படேன். குழந்தையின் கண்ணீர், சாப்ளின் காட்டித்தந்த பாவனை. அவலட்சணத்தையும் அன்புக்குரியதாக்கிய பெஸ்டர் மாமாவோ கூகன் தாமே வளர்த்தெடுத்த பாத்திரம். அழகிய பிள்ளை முகத்தை இழந்த பின்னரே அவர் நடிகரானார்.