முப்பது மில்லிமீட்டர் உயரம்

மோட்டார் சைக்கிளில் வெகுதூரம் பிரயாணம் செய்கிறவர்கள் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் சரீரமும் யந்திரமும் ஒன்றையொன்று தொடுகிற இடங்களாகிய இருக்கையையும் கால்மிதியையும் ஹேண்டில்பாரையும் பற்றி, வலி வந்த பிறகுதான் யோசிக்கத் தலைப்படுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தை மாதம் ஒருமுறையாவது கடக்கிற வழக்கமுள்ள எனக்கு, சென்ற ஒரு வருஷ காலமாக, திண்டிவனத்தை எட்டுவதற்குள் இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதும், செஞ்சிக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற வேளையில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கடுப்புக் கிளம்புவதும் நியமமாகிவிட்டன.

இதற்கு வண்டியைக் குறை சொல்வது நியாயமல்ல. பல்லாயிரம் பேர் ஏறப்போகிற வண்டியை ஏதோ ஓர் அளவுக்குத்தான் செய்ய முடியும். என் கைகள் அந்த அளவுக்குச் சற்றுக் குட்டை. ஹேண்டிலை எட்டிப் பிடிப்பதற்காக நான் முன்னே சாய, சாய்ந்த உடம்பின் பாரத்தை முதுகும் இடுப்பும் ஏற்காமல் உள்ளங்கைகள் ஏற்றன. சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையில் இறங்குகிற அல்நார் நரம்பு நெடுநேரம் அழுந்தினால் அந்த இரண்டு விரல்கள்தாம் மரக்கும்.

ஹேண்டில்பாரின் மாற்றம் ஒருவர் உட்காரும் தோரணையை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பிரத்தியட்சமான உதாரணம் நம் சென்னையிலேயே தயாராகிறது. 2018-இல் ராயல் என்ஃபீல்டு விற்பனைக்குக் கொண்டுவந்த இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்ற இரண்டு வண்டிகளுக்கும் எஞ்சின் ஒன்றே: 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர். முன்னதில் அகன்று உயர்ந்த ஹேண்டில். பின்னதில் ஃபோர்க் குழாய்களிலேயே கவ்வவிட்ட, தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில். அதற்கேற்பக் கால்மிதிகளும் பின்தள்ளியிருக்கின்றன. முன்னதில் நாற்காலியில் அமர்ந்தாற்போல் நிமிர்ந்து போகலாம். பின்னதில், 1960-களில் லண்டன் காபிக்கடை வாசல்களில் கூடிய பந்தயப் பிரியர்களைப் போலக் குனிந்து போக வேண்டும். எது உயர்ந்தது என்பதல்ல பிரச்னை. எந்தப் பிரயாணத்துக்கு எந்தத் தோரணை என்பதே.

முதலில் நான் பணம் செலவழியாத காரியத்தைச் செய்தேன். எவருக்கும் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்டுகளைச் சற்றுத் தளர்த்தி, வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கைகளை இயல்பாக நீட்டி, அவை விழுகிற இடத்துக்குப் பிடிகள் வருமாறு ஹேண்டிலை என் பக்கமாகச் சிறிது சுழற்றி முடுக்கினேன். பிறகு கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினேன். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே நேர்கோடாக நின்றால்தான் மணிக்கட்டு மடங்காது. அதுவரை என் லீவர்கள் கிடைமட்டமாக நின்று, ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் மணிக்கட்டை மேல்நோக்கி மடித்திருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வலியில் பாதி இதிலேயே போய்விட்டது என்று சொன்னால் மிகையல்ல.

மீதிப் பாதிக்காகத்தான் ரைசர் வாங்கினேன். ரைசர் என்பது ஹேண்டிலுக்கும் அதைத் தாங்கும் மேல் தட்டுக்கும் நடுவே வைக்கிற அலுமினியத் துண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையொன்றில் 30 மில்லிமீட்டர் உயரமுள்ள ஜோடி 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்குமுன் ஹேண்டிலின் குறுக்களவைப் பார்த்துக்கொள்வது அவசியம்: சாதாரணக் குழாய் 22 மில்லிமீட்டர், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிகிற வகையானால் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் 28 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். ஒன்றுக்குரிய ரைசர் மற்றொன்றுக்கு உதவாது. இன்னொரு விசேஷமும் உண்டு. வண்டியின் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை, சுமார் 25 பாகை பின்சாய்ந்து நிற்கிறது. ஆகையால் அந்தச் சாய்வின் வழியே உயர்கிற 30 மில்லிமீட்டரில், ஹேண்டில் மேலே ஏறுவது 27-தான், ஓட்டுகிறவரை நோக்கிப் பின்னே வருவது ஏறக்குறைய 13. குட்டைக் கைகளுக்கு வேண்டிய அனுகூலம் அந்தப் பதின்மூன்றில்தான் இருக்கிறது.

பூட்டுகிற வேலையை, இருபது வருஷமாக என் வண்டிகளைப் பார்த்துவருகிற மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன். அவர் முதலில் ரைசரோடு வந்த போல்டைக் கையில் எடுத்து, துளைக்குள் விட்டுச் சுற்றி, எத்தனை மரை இறங்குகிறதென்று எண்ணினார். 8 மில்லிமீட்டர் போல்டுக்கு, அலுமினியத்தில், 12 மில்லிமீட்டராவது மரை பிடிக்க வேண்டும். ஹேண்டில் கையோடு வந்துவிட்டால் உயிர் மிஞ்சாது. பூட்டி முடிந்ததும் சாவியைக் கொடுப்பார் என்று நினைத்தேன். “உசரத்தை வெச்சுட்டேன் சார். ஆனா கேபிளு என்ன சொல்லுதுன்னு பார்க்காம வண்டியைத் தர மாட்டேன்” என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பினார். நான் ஆக்சிலரேட்டரைத் தொடாதிருக்க, எஞ்சின் தானாக உறுமியது! உயர்த்திய ஹேண்டில், ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்துவிட்டது. ஒரு சந்தில் வண்டியைத் திருப்பும் சமயத்தில் இப்படி நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எண்ணினாலும் நெஞ்சு பதறுகிறது. ஃபோர்க்கின் முன்பக்கமாகச் சுற்றிவந்த கேபிளைப் பிரித்து, பின்பக்கமாகக் குறுக்கு வழியில் விட்டார், உறுமல் நின்றது. கிளட்ச் கேபிளுக்கு அடியில் உள்ள அட்ஜஸ்டரே போதுமானதாயிற்று. முன்பிரேக்கின் ஓஸ் மட்டும் வலக்கோடியில் விறைத்து நின்றது. அதைப் பிடித்திருந்த ஒரு கிளிப்பை விடுவித்ததும் சற்றுத் தளர்ந்தது. ரைசர் விற்கிற கடைக்காரர்கள் இந்தச் சோதனையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. ஹேண்டிலின் உயரம் அந்த விவரங்களில் இல்லை. ஆயினும் பழைய போல்டுகளை ஒரு பொட்டலத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

மறுவாரம் திருவண்ணாமலைப் பாதையில் பரீட்சித்தேன். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது பத்து விரல்களிலும் உணர்ச்சி இருந்தது; கண்ணாடிகளும் உயர்ந்துவிட்டதால், முன்பு என் தோள்களையே காட்டியவை இப்போது பின்னால் வரும் லாரியைக் காட்டின. நிமிர்ந்ததற்கு ஒரு விலையும் உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்காற்று நேரே மார்பில் மோதுகிறது. முன்சக்கரத்தின்மீது பாரம் குறைந்ததால், வளைவுகளில் சாலையைப் பற்றி ஹேண்டில் சொல்லுகிற செய்தி முன்னளவு தெளிவாக இல்லை. வேகத்தை விரும்புகிறவர் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எழுபதில் நிதானமாகப் போகிற எனக்கு அது பொருட்டல்ல.

அந்த பிரேக் ஓஸ் மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்த மறுநாளே, சற்று நீளமான ஓஸ் ஒன்றையும் அதன் இருமுனைக்கும் புதிய செம்பு வாஷர்களையும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் மெக்கானிக்கின் கடை வாசலில் போய் நின்றேன்.