எந்தப் பத்தாண்டின் பாட்டு உசத்தி? இந்தச் சண்டையை ரசிப்பது எப்படி

செங்குன்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஓடும் கம்பெனி பஸ்களில் பாட்டு என்பது டிரைவரின் உரிமை. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். பெண்டிரைவில் எண்பதுகள் ஓடிக்கொண்டிருக்கும். காரனோடைப் பாலம் வருவதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "அண்ணே, ரகுமான் இல்லையா?" என்று கேட்கும். முன்சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ராஜா பாட்டு ஓடும்போது பேசாதப்பா" என்பார். தச்சூர் கூட்டுரோடு வரைக்கும் அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய வழக்கில்லை. பழைய பாடலா புதிய பாடலா என்று பட்டிமன்றம் போட்டுத் தீபாவளியையும் பொங்கலையும் ஓட்டிய ஊர் இது. ஆனால் பட்டிமன்றத்தில் நடுவர் இருப்பார், இரண்டு அணியும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுவார். பஸ்ஸில் அந்தச் சமரசம் இல்லை. ஒழுங்காகச் சண்டை போடத் தெரிந்தவர்களுக்கு, ஏற்கெனவே நூறு தடவை கேட்ட பாட்டு நூற்றியோராவது தடவை வேறு மாதிரி கேட்கும்.

முதலில் பேசுகிறவர் பிறந்த வருஷத்தைக் கேளுங்கள். அதோடு 16-ஐக் கூட்டுங்கள். 1960-ல் பிறந்தவருக்கு 1976 வரும், அது 'அன்னக்கிளி' வெளியான வருஷம். 1976-ல் பிறந்தவருக்கு 1992, அதாவது 'ரோஜா'. 1996-ல் பிறந்தவருக்கு 2012, அனிருத்தின் '3', சந்தோஷ் நாராயணனின் 'அட்டகத்தி'. ஆள் எந்தக் கட்சி என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். வயதானவர்களின் நினைவுகளை ஆராய்ந்த உளவியலாளர்களும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் அதிகம் தங்குகின்றன என்கிறார்கள். "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்பவர் தன் மீசை முளைத்த நாட்களுக்காக வாதாடுகிறார். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சியமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாட்சி பக்கத்திலேயே இருக்கிறார். செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டி, தாமரைப்பாக்கம். 2020 செப்டம்பர் 26 அன்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை அவருடைய பண்ணை வீட்டு வளாகத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பத்தாண்டுகளை ஒப்பிட அவரைவிட நல்ல அளவுகோல் இல்லை. இசையமைப்பாளர், கவிஞர், மைக், ரசனை எல்லாம் ஒன்றாக மாறினால் எதை எதோடு வைத்துப் பார்ப்பது? குரலை மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டால் மற்றவை எப்படி மாறின என்பது காதில் விழும்.

1969-ல் ஆரம்பியுங்கள். கே.வி.மகாதேவன் இசையில் 'அடிமைப் பெண்', எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் 'சாந்தி நிலையம்'. குரலில் இன்னும் பையன்தனம் போகவில்லை. பாடகர் வாயைத் திறந்ததும் வாத்தியங்கள் ஒதுங்கி வழி விடுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசி மெய்யெழுத்தும் தெளிவாக விழும். அன்றைக்குப் பாடகரும் வயலின்காரர்களும் தபலாக்காரரும் ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்துதான் பதிவு செய்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஜாக்கிரதை பாட்டிலும் ஏறியிருக்கிறது. எல்லோரும் கவிஞருக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள்.

பத்து வருஷம் தாண்டி 'நினைத்தாலே இனிக்கும்' (1979). மேடைக்குழு ஒன்றைப் பற்றிய படம். எம்.எஸ்.வி. அதற்கேற்பத் தாளத்தை அவிழ்த்து விட்டிருப்பார். எஸ்.பி.பி. வரிக்குள் சிரிக்கிறார், குழைகிறார், விளையாடுகிறார். எழுபதுகளின் கடைசியில் எம்.எஸ்.வி. ஓய்ந்துவிட்டார் என்று சொல்பவர்கள் இந்தப் படத்தைக் கேட்காமலே சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்த ஆண்டே 'நிழல்கள்'. வைரமுத்து எழுதிய முதல் சினிமாப் பாட்டு அதில்தான், பாடியவர் எஸ்.பி.பி. இங்கே அவர் பாடுவதைவிட, அவர் நிறுத்தியதும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இரண்டு சரணங்களுக்கு நடுவில் பாடகர் மூச்சு வாங்க விட்ட இடைவெளியாக இருந்ததை இளையராஜா இன்னொரு பாட்டாக மாற்றிவிட்டார். முதல் இடையிசையில் வந்ததை இரண்டாவதில் அப்படியே திருப்பிப் போட மாட்டார். எண்பதுகளின் ராஜா பாட்டு எதை எடுத்தாலும் ஒரு பயிற்சி செய்யலாம்: ஒரு தடவை பாடகரை முழுக்க மறந்துவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். அது தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்காது. தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடித்தவர்கள் அப்புறம் பஸ் ஸ்பீக்கரைக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

1992-ல் 'ரோஜா'. கோடம்பாக்கத்தில் வீட்டோடு இருந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் ஏ.ஆர்.ரகுமான் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினார். கூடத்தில் இருபது பேரின் வாத்தியங்களை மீறிக் கேட்க வேண்டிய கட்டாயம் குரலுக்கு இல்லை. எஸ்.பி.பி. மைக்குக்கு அருகில் நின்று பாதி பேசுகிற மாதிரி பாடுகிறார். சுற்றிலும் நிறைய வெற்றிடம். 'மின்சாரக் கனவு' பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்ததும் இந்த நெருக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் தொண்ணூறுகள் என்றால் ரகுமான் என்று முடித்துவிட முடியாது. அதே எஸ்.பி.பி. 1995-ல் தேவா இசையில் 'பாட்ஷா'வின் ஆட்டோக்காரன் பாட்டைப் பாடினார். ஒரு பக்கம் கிசுகிசுப்பு, இன்னொரு பக்கம் ஸ்டாண்டே அதிரும் குரல். அம்பத்தூரிலிருந்து பொன்னேரி வரை ஆயுத பூஜை அன்று எந்தத் தொண்ணூறு ஒலிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

அப்புறம் நேரே 'பேட்ட'. அனிருத் தன் குரலோடு 72 வயது எஸ்.பி.பி.யின் குரலையும் சேர்த்துக்கொண்டார். ரஜினி வருகிறார் என்று சொல்ல அந்தக் குரலைவிடப் பெரிய அறிவிப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். 2021-ல் இமான் இசையில் 'அண்ணாத்த' வந்தபோது பாடியவர் இல்லை. இந்தப் பத்தாண்டு பழைய காலங்களை எடுத்தாளும்போதுதான் மிக நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

அடுத்தது கருவி. ஒரு பாட்டை அது பிறந்த கருவியில் கேட்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஆடி மாதம் பெரியபாளையம் பவானியம்மன் கோயில் பக்கம் போனால் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி கேட்கும். கூம்பு கீழ்ச்சுருதியை விழுங்கிவிடும், நடுச்சுருதியை ஊர் எல்லை வரை கொண்டுபோகும். டி.எம்.சௌந்தரராஜன், ஈஸ்வரி போன்றோரின் கூர்மையான குரல்களுக்கு அது பொருந்தி வந்தது. அதே கூம்பில் 'ரோஜா'வைப் போட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும். அறுபதுகளை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டு "சத்தமே இல்லையே" என்பது அதே அநியாயத்தின் மறுபக்கம். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவோ பி.எச்.அப்துல் ஹமீதோ அறிமுகப்படுத்தி, அலை ஏறி இறங்கி வந்த பாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த இரைச்சலும் பாட்டில் ஒரு பகுதி.

எண்பதுகளின் கருவி கேசட். ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொடுத்து, 60 நிமிட டி.டி.கே.யில் பதிந்து வாங்குவார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும். அந்தக் கேசட்டைத் தேயத்தேயக் கேட்டவர்களிடம் இன்றைக்கும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பாட்டு முடிகிற நொடியில் பாட்டை நிறுத்திவிடுங்கள். அடுத்த பாட்டின் தொடக்க இசையை அவர்களே முனகுவார்கள். அது வேறு படம், வேறு வருஷம், ஆனால் கேசட்டில் அதுதான் அடுத்தது.

சரி, எது உசத்தி? இதற்கு நான் வைத்திருப்பது ஓடாத படச் சோதனை. ஒரு பத்தாண்டின் தலைசிறந்த பத்துப் பாட்டை வைத்துப் பேசினால் எல்லாப் பத்தாண்டும் ஜெயிக்கும். 1964-க்கு 'புதிய பறவை'யும் 'காதலிக்க நேரமில்லை'யும் போதும், விஸ்வநாதன்–ராமமூர்த்தியை யாரும் அசைக்க முடியாது. தியேட்டரில் படுத்துவிட்ட படங்களை எடுத்துப் பாருங்கள். படம் போன பிறகும் பாட்டு மட்டும் நடந்து வந்திருக்கிறதா? 'நிழல்கள்' ஓடவில்லை. 'திருடா திருடா'வும் 'இருவர்' படமும் ஓடவில்லை. 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் வைத்துச் செய்த பாட்டு ஒன்று உண்டு, இன்றும் சிலிர்க்கிறது. ஆக ரகுமானும் தேறுகிறார். ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒரே ஆண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த ராஜாவின் பட்டியலில், படத்தின் பெயரே யாருக்கும் தெரியாத பாட்டுகள் டீக்கடைகளில் குவிந்து கிடக்கின்றன. என் ஓட்டு 1976-லிருந்து 1986 வரை. பத்தாண்டு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு இந்த வட்டாரத்தில் இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. ஒன்று, தொழிற்சங்கத்தில் இருந்த பெரியவர்களுடையது. அவர்கள் ஐம்பதுகளுக்காக வாதாடுவார்கள், வக்கீல் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959-ல் 29 வயதில் இறந்துபோனவர். 'நாடோடி மன்னன்' படத்தில் உழைத்தவனுக்கு ஏன் மிஞ்சவில்லை என்று கேட்கும் அவருடைய ஜோடிப் பாட்டை ஃபர்னஸ் முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கேட்கிறவரிடம் இடையிசை, பேஸ் கிதார் என்று பேசிப் பயனில்லை. காதல் பாட்டுக்கு வெளியே வேலையைப் பற்றி எந்தப் பத்தாண்டு பாடியது என்று அவர் கேட்கும்போது எண்பதுகளின் வழக்கு கொஞ்சம் தள்ளாடுகிறது.

இரண்டாவது மறுப்பு கானா. திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து ரயில் ஏறி வருகிறவர்களுக்கு இந்த விவாதமே கொஞ்சம் வேடிக்கைதான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவுக்கு இசைத்தட்டும் இல்லை, வெளியான தேதியும் இல்லை. டோலக்கு கிடைத்தால் டோலக்கு, இல்லாவிட்டால் கைக்குக் கிடைத்த டப்பா. போனவர் பேர், அவர் குணம், அவர் வைத்த கடன் எல்லாம் அன்றிரவே பாட்டாகும். சினிமா அதைத் தவணை முறையில் எடுத்துக்கொண்டது: தொண்ணூறுகளில் தேவா, 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன், 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. 2018-ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதைச் சினிமா இல்லாத மேடையிலேயே ஏற்றியது. கானாவை எந்தப் பத்தாண்டில் சேர்ப்பது? படம் வெளியான தேதியில் சேர்த்தால் பாடியவர்களை விட்டுவிடுகிறோம். இதைக் கேட்க ஒரே வழி, தேதியை மறந்துவிட்டுப் பாடகர் வார்த்தையை எங்கே இழுக்கிறார், எங்கே கடிக்கிறார் என்று கவனிப்பது. சினிமாவுக்குள் வந்ததும் அந்த இழுவை நேராகிவிடுகிறது. 'அட்டகத்தி'யில் மட்டும் ஓரளவு பிழைத்திருக்கிறது.

கடைசியாக, கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒடிசாக்காரரையும் பீகார்க்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் தொண்ணூறுகள் என்பார்கள், 'ஆஷிகி' (1990), குமார் சானு என்பார்கள். 'மைனே பியார் கியா' (1989), 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' (1994) இரண்டிலும் சல்மான் கானுக்குப் பாடியவர் யார் என்று கேளுங்கள். எஸ்.பி.பி. பேர் வரும். நீங்கள் 'நிழல்கள்' பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள். பதிலுக்கு அவர்கள் ஊரில் படம் படுத்தும் பாட்டு நின்ற கதை ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். ஒடிசாக்காரர் அவர்கள் ஊர்ப் பாடகர் அக்ஷய மொஹந்தியை எடுத்தாரென்றால் பேச்சை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.