பூவில்லாமல் பூ முகரும் கலை

பீக்கிங் ஓபராவின் புகழ்பெற்ற காட்சி ஒன்று. மன்னன் வராத ஏக்கத்தில் குடித்துத் தள்ளாடும் அவனது ஆசைநாயகி யாங் குயிஃபெய், கால்களைப் பின்னி மெல்லச் சுழன்று தரையோடு தரையாகத் தாழ்கிறாள். முன்பெல்லாம் அது வெறும் உடல் வித்தை. நடிகர் மெய் லான்ஃபாங் (1894–1961) அதற்கு ஒரு காரணம் கொடுத்தார்: அவள் குனிவது பூவை முகர. மேடையில் செடியும் இல்லை, பூவும் இல்லை, நடிப்பவரோ ஆண்.

'டான்' எனப்படும் பெண் வேடத்தில் ஆண்கள் சாதித்தது இதுதான். பெண்ணை அப்படியே போலச் செய்வதைவிட, பொய்க்குரல், நீண்ட வெண் சட்டைக்கை நுனி, விரல் முத்திரை ஆகியவற்றால் ஒரு பெண்மையைப் புதிதாகக் கட்டினார்கள். 1935இல் மாஸ்கோவில் ஒப்பனையின்றி, கோட்டு அணிந்தபடியே மெய் பெண் அசைவுகளைச் செய்து காட்டினார். பார்த்து வியந்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், நடிகன் பாத்திரத்திலிருந்து விலகி நின்று அதைக் காட்டும் முறைக்குச் சீன நடிப்பைச் சான்றாக்கினார்.

ஆனால் இந்தக் கலை பிறந்த இடம் அழகானதல்ல. சிங் வம்ச ஆட்சிக்காலத்தில் தலைநகர் பீக்கிங்கின் மேடை பெண்களுக்கு மூடப்பட்டிருந்ததால்தான் ஆண்கள் அங்கே நின்றார்கள். ஒப்பந்தத்தில் விற்கப்பட்ட சிறுவர்கள் பாட்டு கற்றதோடு, செல்வந்தர்களுக்கு மது ஊற்றி உபசரிக்கவும் வேண்டியிருந்தது; அந்த வழக்கம் 1912இல்தான் தடைசெய்யப்பட்டது. துணியால் இறுகக் கட்டிக் குறுக்கிய பெண் பாதம்போல் தோன்ற மரக்கட்டையைக் காலில் கட்டி, பெஞ்சின் மேல் வைத்த செங்கல்லில் ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நிற்க வேண்டும். மெய்யும் சிறுவயதில் அப்படி நின்றவரே. பெண்ணின் ஊனத்தையே அழகாக்கி, அதை ஒரு பையனின் காலில் ஏற்றிய பயிற்சி அது.

'பெண்மையின் சாரத்தை ஆணே காட்ட முடியும்' என்று சொல்வோர் உண்டு. இன்னொரு ஆண் டான் நடிகரான செங் யென்சியூவின் கதை அதற்குப் பதில். பதின்ம வயதில் குரல் கெட்டுப்போன அவர், அந்தக் குறையிலிருந்தே தாழ்ந்து இழையும் ஒரு சோகப் பாணியை உருவாக்கினார். இன்று அந்தப் பாணியில் அரங்கு நிறைப்பவர் சாங் ஹுவோதிங் என்ற பெண். ஆணின் உடைந்த தொண்டையில் பிறந்த பாட்டு பெண்ணின் தொண்டையில் வாழ்கிறது என்றால், அது எந்தப் பாலின் சொத்தும் அல்ல.

1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு ஆண் டான்களை உருவாக்குவது ஊக்குவிக்கப்படவில்லை. மெய்யின் மகன் மெய் பாவோஜியூ 2016இல் இறக்கும்வரை தந்தையின் பாணியைக் காத்தார். விரும்பும் ஆணுக்கு இனியும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். பெண்ணை வெளியே நிறுத்திய பழைய பூட்டு மட்டும் திரும்ப வேண்டாம்.